ஒரே ஆலயம், நான்கு மொழி: மலேசிய, சிங்கப்பூர் கிறிஸ்தவர்களிடையே சமத்துவமும் ஒற்றுமையும்

நம் நாட்டின் நகர்ப்புறத்துக் கத்தோலிக்க ஆலயம் ஒன்றின் வாசலில் நின்று அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். ஆங்கிலத் திருப்பலிக்கு ஒரு நேரம், மாண்டரினுக்கு ஒரு நேரம், தமிழுக்கு ஒரு நேரம், தேசிய மொழிக்கு ஒரு நேரம் என எழுதியிருக்கும். ஒரு கூட்டம் வெளியே வரும்போது அடுத்த கூட்டம் உள்ளே போகும். வாகன நிறுத்துமிடத்தில் புன்னகை ஒன்றைப் பரிமாறிக்கொள்வதோடு சரி. அவர்கள் கும்பிடுவது ஒரே பீடத்தை, நடத்துபவரும் பெரும்பாலும் ஒரே குருவானவர். ஆனால், பல ஆண்டுகள் ஒரே ஆலயத்துக்கு வந்தும் ஒருவர் பெயரை மற்றவர் அறியாதவர்கள் உண்டு.

இது பிரிவினையா, வசதிக்கான ஏற்பாடா? ஒற்றுமை என்ற பெயரில் எல்லாரையும் ஒரே மொழிக்குள் கொண்டுவந்துவிட்டால், தோட்டத்திலிருந்து வந்த நம் பாட்டி எங்கே உட்காருவார்? கிறிஸ்தவர்கள் மட்டும் பேசும் விஷயமாக இது தோன்றலாம். ஆனால் பல இனம், பல மொழி சேர்ந்து வாழும் நம் நாட்டில் பள்ளிக்கூடத்திலும் சங்கத்திலும் அரசியலிலும் எழும் அதே கேள்விதான் இங்கே ஆலயத்துக்குள் எழுகிறது. அதன் வரலாற்றையும் இன்றைய நிலையையும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

எண்ணிக்கை சொல்லும் கதை

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய மக்களில் 9.1 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். இந்துக்கள் 6.1 விழுக்காடு. சரவாக்கில் மக்கள்தொகையில் பாதிப்பேர், அதாவது 50.1 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். சபாவில் 24.7 விழுக்காடு. கணக்குப் போட்டுப் பார்த்தால், நாட்டின் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் இந்த இரு மாநிலங்களில் வாழ்கிறார்கள். இபான், பிடாயூ, கடசான்டூசுன், முருட், லுன் பாவாங் முதலிய பூர்வகுடி மக்களே மலேசியக் கிறிஸ்தவத்தின் பெரும்பான்மை.

மேற்கு மலேசியாவில் வாழும் நமக்கு இது எளிதில் மறந்துபோகிறது. கிறிஸ்தவர் என்றதும் இங்கே சீனர், இந்தியர், செரானி மூன்று பேரைத்தான் நினைக்கிறோம். இந்திய வம்சாவளியினரில் கிறிஸ்தவர்கள் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 6 விழுக்காடு. அதாவது தமிழ்க் கிறிஸ்தவர் தம் இனத்துக்குள்ளும் சிறுபான்மை, தம் சமயத்துக்குள்ளும் சிறுபான்மை. இந்த இரட்டை நிலையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அவர்களுடைய கவலைகள் புரியும்.

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். அங்கே பெரும்பான்மை சீனர்கள். ஆலயங்களில் ஆங்கிலமே ஓங்கி நிற்கிறது.

பல கப்பல்களில் வந்த சமயம்

மலாக்காவைப் போர்த்துகீசியர் 1511இல் கைப்பற்றினர். அவர்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த வழித்தோன்றல்களே இன்று 'கிறிஸ்தாங்' மொழி பேசும் செரானி சமூகம். மலாக்காவில் 1710இல் கட்டப்பட்ட புனித பேதுரு ஆலயம், நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் கத்தோலிக்க ஆலயங்களில் மிகப் பழமையானது. டச்சுக்காரர்கள் 1753இல் கட்டிமுடித்த சிவப்பு நிறக் கிறைஸ்ட் சர்ச் அதே நகரில் நிற்கிறது.

தமிழருக்கும் மலாக்காவுக்கும் இடையே ஒரு பழைய இழை உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்குச் சென்று பரதவ மக்களிடையே தமிழில் செபங்களைக் கற்றுக்கொடுத்த புனித பிரான்சிஸ் சவேரியார்தான் 1545இல் மலாக்காவுக்கு வந்து, அங்கே அவற்றை மலாயில் அமைக்க முயன்றார். அங்கே தமிழ், இங்கே மலாய் என அவர் மக்களின் மொழியைத் தேடிப் போனார். சொற்களும் அந்த உறவைக் காட்டுகின்றன. நாம் சொல்லும் 'பாதிரி'யும் மலாய்க்காரர் சொல்லும் 'பாடெரி'யும் போர்த்துகீசிய 'பாத்ரே'யின் பிள்ளைகள்தாம்.

பிறகு ஆங்கிலேயர் ஆட்சியில் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ரப்பர் தோட்டங்களுக்கும் இரயில் பாதைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் கத்தோலிக்கர், லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் எல்லாரும் இருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து படித்தவர்கள் அரசு அலுவலகங்களுக்கும் இரயில்வேக்கும் வந்தார்கள். தெற்குச் சீனாவிலிருந்து ஹக்கா, தியோச்சியூ, பூச்சோவ் மக்கள் வந்தனர். பேராக்கின் பாகான் செராயில் 1880களில் பிரெஞ்சுக் குரு ரெனே ஃபே தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக ஒரு விவசாயக் குடியிருப்பை உருவாக்கினார். 1901இல் சரவாக்கின் சிபுவில் பூச்சோவ் மெதடிஸ்டுகள் குடியேறினர். இப்படி ஒவ்வொரு குழுவும் தன் ஊரையும் மொழியையும் பாட்டையும் சாப்பாட்டையும் சமயத்தோடு சேர்த்தே கொண்டு வந்தது.

தனித்தனி ஆலயங்கள் ஏன் வந்தன?

சிங்கப்பூர்க் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குயீன் ஸ்திரீட்டில் 1870இல் திறக்கப்பட்ட புனித பேதுரு பவுல் ஆலயம் முதலில் சீனருக்கும் இந்தியருக்கும் பொதுவானது. அங்கே பணியாற்றிய பிரெஞ்சுக் குரு பியேர் பாரி சீன மொழியையும் தமிழையும் கற்று இரு சமூகத்துக்கும் தொண்டு செய்தார். 1883இல் அவர் மறைந்த பிறகு, தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென ஓஃபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம் எழும்பியது. 1888இல் திறக்கப்பட்ட அதுதான் சிங்கப்பூரின் முதல் தமிழ்க் கத்தோலிக்க ஆலயம். பின்னர், 1910இல் கந்தோனீஸ், ஹக்கா மக்கள் திரு இருதய ஆலயத்துக்குச் சென்றனர். குயீன் ஸ்திரீட்டில் தியோச்சியூ மக்கள் எஞ்சினர்.

பினாங்கின் ஜார்ஜ்டவுனிலும் இதே அமைப்புதான். 1786இல் பிரான்சிஸ் லைட்டுடன் கெடாவிலிருந்து வந்த செரானிகளின் பங்கிலிருந்து வளர்ந்தது விண்ணேற்பு மாதா ஆலயம். தமிழருக்குப் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம். சீனருக்கு வியாகுல மாதா ஆலயம். கோலாலம்பூரில் சீனர்களுக்கு ஜெபமாலை மாதா ஆலயம், தமிழர்களுக்குப் புனித அந்தோணியார் ஆலயம் என்று அமைந்தன.

இதைப் பார்த்து, அந்தக் காலத்திலேயே இன ஒதுக்கல் இருந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். முழு உண்மை அதுவல்ல. பாவசங்கீர்த்தனம் கேட்கவும் நோயாளியைத் தேற்றவும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கவும் மொழி தெரிந்த குரு வேண்டும். கடல் கடந்து வந்து, கங்காணிக்கும் துரைக்கும் அடங்கி வாழ்ந்த தொழிலாளிக்குத் தன் மொழியில் ஓர் ஆலயம் இருந்தது பெரிய ஆறுதல். திருமணமும் சாவும் திருவிழாவும் அங்கேதான் நடந்தன. தமிழ்ப்பள்ளியும் பல இடங்களில் ஆலயத்தின் நிழலில்தான் தொடங்கியது.

ஆனால் காலனித்துவ ஆட்சியாளர்கள் இனவாரியாக வேலையையும் குடியிருப்பையும் பிரித்துவைத்திருந்த அமைப்பு, ஆலயத்திலும் பிரதிபலித்தது என்பதையும் மறுக்க முடியாது. நீண்ட காலம் ஆயர்களும் தலைமைக் குருக்களும் ஐரோப்பியர்களாகவே இருந்தனர்.

லத்தீன் போனது, தாய்மொழி வந்தது

1960கள் வரை கத்தோலிக்கத் திருப்பலி உலகின் பெரும்பாலான இடங்களில் லத்தீனில் நடந்தது. கூட்டத்தில் பெரும்பாலோருக்குப் புரியாத மொழி. ஆனால் யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லாருக்கும் சமமான மொழி. 1808 முதல் பினாங்கில் இயங்கிவரும் குருத்துவக் கல்லூரியான காலேஜ் ஜெனரலில் சீனர், வியட்நாமியர், சியாமியர் எனப் பல நாட்டு மாணவர்கள் லத்தீன் மொழி வழியாகத்தான் ஒன்றாகப் படித்தனர்.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிதிறந்தது. பறை, நாதஸ்வரம், குத்துவிளக்கு, ஆரத்தி போன்றவை ஆலயத்துக்குள் மரியாதையோடு நுழைந்தன. தமிழ்ப் பாட்டு ஒலித்தது. சமத்துவத்தில் அது பெரிய முன்னேற்றம். அதே நேரத்தில், முன்பு ஒரே லத்தீன் பூசையில் சேர்ந்து நின்றவர்கள் இப்போது மொழிக்கு ஒரு நேரமாகப் பிரிந்தார்கள். மொழிச் சமத்துவம் கிடைத்தபோது சந்திப்பு குறைந்தது. இன்றைய பலகையில் நாம் பார்க்கும் நேர அட்டவணை அங்கேதான் தொடங்கியது.

அமைப்பிலேயே மொழி

புரொட்டஸ்டண்ட் சபைகளில் மொழி வேறுபாடு நிர்வாக அமைப்பிலேயே இருக்கிறது. மலேசிய மெதடிஸ்ட் சபையில் தமிழ், சீனம், ஆங்கிலம் பேசும் டிரினிட்டி, சரவாக் சீனர், சரவாக் இபான், பூர்வகுடி செங்கோய் எனத் தனித்தனி மாநாடுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி நிர்வாகம். அவை அனைத்துக்கும் மேலே ஒரே பேராயர். சிங்கப்பூரிலும் சீன மாநாடு, டிரினிட்டி மாநாடு, இம்மானுவேல் தமிழ் மாநாடு என மூன்று உண்டு.

லுத்தரன் சபைகளில் பிரிவு இன்னும் தெளிவு. தரங்கம்பாடி மரபில் வந்த தமிழர்களின் சபை மலேசிய சுவிசேஷ லுத்தரன் சபை. 1950களில் புதுக்கிராமத்துச் சீனரிடையே தொடங்கிய பணி மலேசிய லுத்தரன் சபையாக வளர்ந்தது. 1882 முதல் சபாவில் குடியேறிய ஹக்கா மக்களுடையது பாசல் சபை. சபாவின் ருங்குஸ் மக்களிடையே வளர்ந்தது சபா புரொட்டஸ்டண்ட் சபை. நம்பிக்கை அறிக்கை ஒன்று, சபைகள் நான்கு.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை இருக்கிறது. சொந்த மாநாடு இருப்பதால் தமிழ்ப் போதகர்கள் உருவாகிறார்கள். தமிழில் தீர்மானம் போடப்படுகிறது. தோட்டத்தில் பிறந்த ஒருவர் தலைவராக வர முடிகிறது. பெரிய சபைக்குள் கரைந்திருந்தால் இந்த வாய்ப்பு கிடைத்திருக்குமா என்பது ஐயமே. தீமை என்னவென்றால் வசதியும் ஆள்பலமும் உள்ள மாநாடு வளர்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் சிதறிப்போனதால் சிறுத்துப்போன தமிழ்ச் சபைகள் கட்டடத்துக்கும் போதகர் சம்பளத்துக்கும் திண்டாடுகின்றன. பக்கத்துத் தெருச் சபையின் செழிப்பும் இந்தச் சபையின் கஷ்டமும் ஒரே பேராயரின் கீழ்தான் இருக்கின்றன.

அதே நேரத்தில் தலைமையில் இனத் தடை உடைந்ததையும் சொல்ல வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் மெதடிஸ்ட் சபை 1968இல் தன்னாட்சி பெற்றபோது முதல் ஆசியப் பேராயராக யாப் கிம் ஹாவ் வந்தார். 1973இல் அவருக்குப் பின் வந்தவர் தியோடர் துரைசாமி. அதே 1973இல் மேற்கு மலேசிய ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்துக்கு ஜே.ஜி. சவரிமுத்து ஆயரானார். கெடாவின் சுங்கை பட்டாணியில் பிறந்த அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் கோலாலம்பூர்ப் பேராயராக 1983 முதல் 2003 வரை பணியாற்றி, 2016இல் மலேசியாவின் முதல் கர்தினாலாக உயர்ந்தார். சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக இருந்த ஒரு சமூகத்தவர் அனைத்து இனத்தாருக்கும் மேய்ப்பராக முடிந்தது சிறிய விஷயமல்ல.

தொடக்கத் திருச்சபையிலேயே எழுந்த சிக்கல்

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த பிரச்சினை அல்ல. கத்தோலிக்கர் திருத்தூதர் பணிகள் என்றும் புரொட்டஸ்டண்டினர் அப்போஸ்தலர் நடபடிகள் என்றும் அழைக்கும் நூலின் 6ஆம் அதிகாரத்தில் ஒரு முறைப்பாடு பதிவாகியிருக்கிறது. எருசலேமில் அன்றாட உணவுப் பங்கீட்டில் எபிரேய மொழி பேசும் விதவைகளுக்குக் கிடைத்தது. கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டார்கள். இரு தரப்பாரும் யூதர்கள், இரு தரப்பாரும் கிறிஸ்துவை ஏற்றவர்கள். வேறுபாடு மொழியில்தான்.

அப்போது தலைவர்கள் முறையிட்டவர்களை அடக்கவில்லை. நாம் எல்லாரும் ஒன்றுதானே என்று சமாதானம் சொல்லியும் அனுப்பவில்லை. பங்கீட்டைப் பார்த்துக்கொள்ள ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு உள்ளிட்ட அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். பாதிக்கப்பட்ட தரப்பின் கையிலேயே பொறுப்பு போயிற்று என்று விவிலிய அறிஞர்கள் பலர் இதற்கு விளக்கம் தருகிறார்கள்.

அடுத்தது சாப்பாட்டுப் பந்தி. யூதரல்லாதவரோடு ஒன்றாக உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அந்தியோகியாவில் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததைக் கலாத்தியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் அவரே எழுதியிருக்கிறார். தலைமைத் திருத்தூதரையே தட்டிக்கேட்ட அந்தச் சம்பவம் பந்தியைப் பற்றியது என்பது நமக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதில் நம் முன்னோர் எத்தனை சண்டை போட்டிருக்கிறார்கள்!

அந்த அந்தியோகியாவில்தான் சீடர்கள் முதன்முதலில் 'கிறிஸ்தவர்கள்' என்று அழைக்கப்பட்டார்கள். அங்கிருந்த தலைவர்களின் பட்டியலில் சைப்பிரஸ் தீவைச் சேர்ந்தவர், கறுப்பர் என்று பொருள்படும் அடைபெயர் கொண்டவர், வட ஆப்பிரிக்காவின் சிரேனே ஊரார், ஏரோது அரசனோடு வளர்ந்தவர், தர்சு நகரத்துப் பவுல் என ஐவர் இருந்தனர். பிறகு கூடிய எருசலேம் சங்கம், யூதரல்லாதவர் கிறிஸ்தவராவதற்கு முதலில் யூதராக மாற வேண்டியதில்லை என்று முடிவெடுத்தது. பண்பாட்டைத் துறந்தால்தான் சமயம் என்ற நிபந்தனை அன்றே நீக்கப்பட்டது.

தமிழருக்கும் சீனருக்கும் ஒரே தடை

அந்த முடிவு நடைமுறையில் எளிதாக நிற்கவில்லை. சீனர்கள் முன்னோருக்குச் செய்யும் மரியாதை உருவ வழிபாடா, குடும்ப வழக்கமா என்ற தகராறு ஐரோப்பாவில் ஒரு நூற்றாண்டு நீடித்தது. 1742இல் ரோம் அதற்குத் தடைவிதித்தது. தமிழ்நாட்டு மறைப்பணியாளர் அனுமதித்திருந்த சில உள்ளூர் வழக்கங்கள் குறித்தும் அப்படியே விவாதம் நடந்து, 'மலபார் சடங்குகள்' என்ற பெயரில் 1744இல் கட்டுப்பாடு வந்தது. சீனருக்கான தடை 1939இல் தளர்ந்தது. மறைப்பணியாளர் எடுக்க வேண்டியிருந்த மலபார் உறுதிமொழி 1940இல் நீக்கப்பட்டது. ஓராண்டு இடைவெளியில் இரண்டு சமூகங்களுக்கும் கதவு திறந்தது.

இன்று நம் ஆலயங்களில் சீனப் பெருநாளில் ஆரஞ்சுப் பழம் கொடுக்கிறார்கள். தைப் பொங்கலன்று ஆலய வளாகத்தில் பானை வைக்கிறார்கள். மே மாத இறுதியில் கடசான் மக்கள் காஅமாத்தானும் ஜூன் 1, 2இல் இபான் மக்கள் கவாயும் கொண்டாடுகிறார்கள். மூன்றும் அறுவடைத் திருநாட்கள். நெல் விளைந்ததற்கு நன்றி சொல்லும் வழக்கம் நமக்கும் போர்னியோ மக்களுக்கும் பொது என்பது, பேசத் தொடங்குவதற்கு ஓர் அருமையான இடம்.

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலம் இதற்கு வாழும் சான்று. 19ஆம் நூற்றாண்டில் ஹக்கா சீனக் கத்தோலிக்கர்கள் தொடங்கிய ஆலயம் அது. இன்று ஜூலை 26ஐ ஒட்டிய திருவிழாவுக்குத் தமிழர், சீனர், செரானி, சபா சரவாக் மக்கள் எல்லாரும் திரளுகிறார்கள். மெழுகுவர்த்தி ஏந்தி இந்துக்களும் பௌத்தர்களும் வருகிறார்கள். பல மொழிகளில் திருப்பலி நடக்கிறது. பவனியில் மட்டும் எல்லாரும் ஒன்றாக நடக்கிறார்கள்.

ஒற்றுமை என்றால் ஆங்கிலமா?

இங்கேதான் நுணுக்கமான சிக்கல் இருக்கிறது. பல மொழியினர் கூடும் பங்கு மன்றத்தில் பேச்சுமொழி இயல்பாக ஆங்கிலமாகிவிடுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஆனால் ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர் பொருளாளர் ஆகிறார், செயலாளர் ஆகிறார். தமிழ்ப்பள்ளியில் படித்து, தோட்டத்திலிருந்து நகரத்து மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தவர் பின்வரிசையில் அமைதியாக உட்காருகிறார். அதே நிலைதான் மாண்டரின் மட்டும் தெரிந்த முதியவருக்கும் தேசிய மொழியில் மட்டும் பேசும் சரவாக் தொழிலாளிக்கும்.

திருவிழா வந்தால் தமிழர்களிடம் ஆரத்தித் தட்டு, பரதநாட்டியம், வடை கேட்கப்படுகின்றன. வரவுசெலவுக் கணக்கு எழுதும் மேசைக்கும் அழைக்கப்படுகிறார்களா என்பதுதான் சமத்துவத்தின் அளவுகோல். பன்மொழித் திருப்பலியில் தமிழுக்கு ஒரு பாட்டு ஒதுக்குவது நல்லதுதான். அதற்காக வாராந்தரத் தமிழ்த் திருப்பலியை நிறுத்திவிட்டால், அந்த ஒரு பாட்டு ஈடாகாது.

மறுபக்கமும் உண்டு. நம் பிள்ளைகள் பலர் ஆங்கில வழிபாட்டையே விரும்புகிறார்கள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழ்ப் பாட்டுப் புத்தகம் பூட்டிய கதவுதான். அவர்கள் ஆங்கிலத்துக்குப் போவதை இனத்துரோகம் என்று திட்டுவது அவர்களைத் திரும்ப அழைத்துவராது. கலப்புத் திருமணக் குடும்பங்களின் நிலை இன்னும் வேறு. அப்பா தமிழர், அம்மா சீனர் என்ற வீட்டில் எந்த நேரத்துத் திருப்பலிக்குப் போவது? ஆங்கிலம் அவர்களுக்கு ஒரு பாலம். பாலம் எல்லாருக்கும் வேண்டும். பாலத்தின் மீதே எல்லாரும் குடியிருக்க வேண்டும் என்று சொல்லாதவரை சரி.

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

பிற இனத்தாரிடம் சமத்துவம் கேட்கும் நாம் நம்மிடையே அதைக் கடைப்பிடிக்கிறோமா? தமிழ்நாட்டில் சாதி வாரியாக இருக்கையும் கல்லறையும் பிரிந்திருந்த ஆலயங்கள் உண்டு. கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1833இல் ஆலயத்துக்குள் சாதிக்கு இடமில்லை என்று ஆணையிட்டபோது தஞ்சாவூர் வட்டாரத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. இந்தியாவில் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. வெளியே தீண்டாமையும் உள்ளே ஒதுக்கலும் அனுபவித்தவர்களுக்குச் சட்டத்தின் ஆதரவும் இல்லை.

கப்பலேறி வந்த நம் முன்னோர் அதைக் கடலில் வீசிவிட்டு வரவில்லை. லயத்து வாழ்க்கையும் பொதுக் குழாயும் ஒரே ரப்பர்க் காடும் அதைத் தேய்த்தன. ஆலயத்தில் இருக்கை பிரிக்கும் வழக்கம் இன்று இங்கே கேள்விப்படுவதற்கில்லை. ஆனால் பெண் பார்க்கப் போகும்போது 'அவங்க என்ன ஆளுங்க?' என்ற கேள்வி கிறிஸ்தவ வீடுகளிலும் இன்னும் மெதுவான குரலில் கேட்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தார், இந்தியத் தமிழர் என்ற பழைய பிரிவும் முழுமையாக மறையவில்லை. தமிழரை மதிக்காத சீனச் சபையைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஒரே நற்கருணையைப் பெற்றுக்கொண்டு சம்பந்தம் பேசும்போது சாதி கேட்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு சொல்லுக்காக நின்றவர்கள்

ஒற்றுமை என்றால் என்ன என்பதை விளக்க அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. கத்தோலிக்க வார இதழான 'ஹெரால்ட்' ஆங்கிலம், தேசிய மொழி, மாண்டரின், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. அதன் தேசிய மொழிப் பகுதியில் இறைவனைக் குறிக்க 'அல்லா' என்ற சொல்லைப் பயன்படுத்தத் தடை வந்தபோது வழக்குத் தொடரப்பட்டது. அந்தச் சொல் தமிழில் செபிப்பவருக்கோ ஆங்கிலத்தில் செபிப்பவருக்கோ தேவைப்பட்டதல்ல. அது தலைமுறைகளாக மலாய் மொழியில் செபித்துவந்த சபா, சரவாக் மக்களின் சொல். ஆனால் மனுதாரராக நின்றவர் தாப்பாவில் பிறந்த கோலாலம்பூர்ப் பேராயர் மர்ஃபி பாக்கியம்.

2009 டிசம்பர் 31இல் உயர்நீதிமன்றத்தில் வெற்றி, 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோல்வி, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி மறுப்பு என்று அவ்வழக்கு முடிந்தது. வேறொரு வழக்கில், சரவாக்கைச் சேர்ந்த ஜில் அயர்லண்ட் என்ற பெண் 2021 மார்ச்சில் உயர்நீதிமன்றத்தில் தமக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றார். தீர்ப்பில் எவருக்கு என்ன கருத்து இருந்தாலும், தனக்குத் தேவைப்படாத ஒரு சொல்லுக்காக இன்னொரு சமூகத்தோடு சேர்ந்து நிற்பது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்ளலாம்.

மலாய் மொழி வழிபாட்டைப் புதிது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். மத்தேயு நற்செய்தி மலாயில் அச்சானது 1629இல். சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது 1715இல். நமக்கு முன்பே அவர்கள் கையில் நற்செய்தி இருந்தது. இன்று வேலைக்காகக் கோலாலம்பூர், ஜொகூர், பினாங்கு வந்து நம் ஆலயங்களின் மாலை வழிபாட்டை நிரப்பும் சபா, சரவாக் இளையர்களை விருந்தாளிகளாகப் பார்ப்பதற்கு இல்லை. எண்ணிக்கையிலும் அவர்களே வீட்டுக்காரர்கள்.

எது பலன் தந்திருக்கிறது?

ஜப்பானியர் ஆட்சியில் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த பல சபைத் தலைவர்கள், வெளியே தனித்தனியாக இருந்தவர்கள், உள்ளே சேர்ந்து வழிபட்டனர். அங்கே உருவான எண்ணத்தின் பலனாக 1948இல் சிங்கப்பூரில் டிரினிட்டி இறையியல் கல்லூரி பிறந்தது. 1979இல் தொடங்கி இன்று சிரம்பானில் இயங்கும் மலேசிய இறையியல் கல்லூரியில் பல சபைகளின், பல மொழிகளின் மாணவர்கள் ஒரே வளாகத்தில் படிக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டில் சேர்ந்து உட்கார்ந்த போதகர்கள் பிற்காலத்தில் ஒருவரையொருவர் எளிதில் தொலைபேசியில் அழைக்கிறார்கள்.

1976இல் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்க ஆயர்களும் குருக்களும் கூடி நடத்திய நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, பி.இ.சி. எனப்படும் அக்கம்பக்கத்துக் குழுக்கள் பரவின. மொழியைப் பார்க்காமல் தெருவையும் தாமானையும் பார்த்து அமைப்பது அவற்றின் அடிப்படை. சீன அண்டை வீட்டாரின் வரவேற்பறையில் தமிழ்க் குடும்பம் செபமாலை சொல்வது அங்கேதான் சாத்தியமானது. மொழித் தடையால் சில இடங்களில் இவையும் மொழிவாரியாகப் பிரிந்தன. எங்கே உயிரோடு இருக்கின்றனவோ அங்கே துக்க வீட்டில் அதைப் பார்க்கலாம். சவப்பெட்டியைத் தூக்க நான்கு இனத்துக் கைகள் வருகின்றன.

சிங்கப்பூரின் லூர்து மாதா ஆலயம் 1974இல் வட்டாரப் பங்காக மாறி எல்லா இனத்தாருக்கும் பொதுவானது. ஆனால் தமிழ்த் திருப்பலி அங்கே நிற்கவில்லை. பினாங்கில் மூன்று மொழியினருக்காக எழுந்த பழைய ஆலயங்கள் இன்று ஒரே நகரப் பங்கின் கீழ் வந்துள்ளன. கதவைத் திறப்பதற்காக வேரைப் பிடுங்க வேண்டியதில்லை என்பதை இவை காட்டுகின்றன.

இந்த அனுபவங்களிலிருந்து பங்கு மன்றங்களும் சபைக் குழுக்களும் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில:

• கூட்டத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்வது. கூட்டக் குறிப்பைக் குறைந்தது இரு மொழிகளில் தருவது.

• திருவிழாவின் ஆட்டபாட்டத்தில் மட்டுமின்றி, நிதி, கட்டடம், கல்வி நிதிக் குழுக்களிலும் எல்லா மொழியினரும் இடம்பெறுவது.

• ஒரு மொழி வழிபாட்டுக்கு வருவோர் குறைந்தால், நிறுத்துவதற்கு முன் அவர்களையே அழைத்துக் கேட்பது.

• தமிழ் படிக்கத் தெரியாத இளையருக்குப் பாடல்களை எழுத்துப்பெயர்ப்பில் திரையில் காட்டுவது. அதோடு ஞாயிறு வகுப்பில் எழுத்தையும் சொல்லிக்கொடுப்பது.

• வசதியான சபை, சிறுத்துப்போன சபையின் போதகர் சம்பளத்தில் பங்கெடுப்பது. இதைத் தானமாகக் கருதாமல் குடும்பச் செலவாகக் கருதுவது.

• சேர்ந்து சாப்பிடுவது. பேதுருவும் பவுலும் மோதிக்கொண்டதே அந்தப் பந்தியில்தான் என்பதால் இது கடைசியாக வந்தாலும் சிறியதல்ல.

எருசலேமில் அன்று முறையிட்ட விதவைகளின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. தங்களுக்குச் சாப்பாடு வரவில்லை என்று அவர்கள் வாய்திறந்ததும், அதைக் கேட்கத் தலைவர்கள் இருந்ததும்தான் அந்தத் திருச்சபையைக் காப்பாற்றின. நம் பங்கின் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் அப்படி எழுந்து பேசினால், அவர் பேசும் மொழி முன்வரிசைக்குப் புரியுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அறிவிப்புப் பலகையைக் கடந்து போகும்போது நம் ஒவ்வொருவருக்கும் எழ வேண்டிய கேள்வி இது.